64 கோர் எதற்கு? குவெரி நிற்பது டிஸ்க் வாசலில்

கேள்வி: கோவையில் வாகன உதிரிபாகங்களுக்கான ஆன்லைன் கேட்டலாக் நடத்துகிறோம். கடைக்காரர்களும் ஒர்க்‌ஷாப்காரர்களும் வண்டி மாடலைக் கொடுத்துப் பாகம் தேடுவார்கள். டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் 11, ஓஎஸ் சென்ட்ஓஎஸ் 7 (லினக்ஸ்). டேட்டாபேஸ் 1.6 டிபி, அதில் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) மட்டும் 550 ஜிபி. வருடத்துக்குச் சுமார் 250 ஜிபி வளர்கிறது. வேலையில் 97 சதவீதம் ரீட்தான். இரவில் மட்டும் 40 ஜிபி அளவுக்கு விலைப்பட்டியல் ஏற்றுகிறோம். மாலை 5 முதல் 8 வரை விநாடிக்கு 1,100 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) வரும். பழைய சர்வரில் 20 கோர், 128 ஜிபி ராம், 1.2 டிபி எஸ்ஏஎஸ் டிஸ்க் (10,000 ஆர்பிஎம்) எட்டு, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா பிழைக்கும் அடுக்கு). மாலையில் சிபியு 35 சதவீதம், ஐஓ வெயிட் (டிஸ்குக்காகக் காத்திருப்பது) 50 சதவீதம். 'இந்த மாடலுக்குப் பொருந்தும் பாகங்கள்' என்ற பக்கம் அப்போது 9 விநாடி எடுக்கிறது, காலையில் மூன்று விநாடிக்குள் வருகிறது. வெண்டர் கொடுத்த கொட்டேஷன்: 2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் 32 கோர் சிபியு இரண்டு, 32 ஜிபி ராம் குச்சி எட்டு, 1.92 டிபி சாட்டா எஸ்எஸ்டி பன்னிரண்டு, ரெய்டு கார்டு வைத்து ரெய்டு 5. வாங்கலாமா? ஒரே பெரிய சர்வரா, இரண்டு சின்னதா? ஐந்து வருடம் தாங்குமா? அந்தப் பக்கத்தின் எக்ஸ்பிளெயின் அவுட்புட்டும் (குவெரி எப்படி ஓடியது என்று போஸ்ட்கிரெஸ் தரும் அறிக்கை), டேபிள், இண்டெக்ஸ், அதிக நேரம் எடுக்கும் குவெரிகளின் பட்டியலும் இணைத்திருக்கிறேன். பழைய சர்வரை மூன்றாவது ரெப்ளிகாவாக (டேட்டாபேஸின் உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் நகல்) வைக்கலாமா?

பதில்: இந்தக் கொட்டேஷனுக்கு ஆர்டர் போட வேண்டாம். சர்வர் மட்டமானது அல்ல. உங்களுக்குத் தேவையில்லாத இடத்தில் பணம் போகிறது. நீங்கள் அனுப்பிய எக்ஸ்பிளெயின் அவுட்புட்டிலேயே அது தெரிகிறது.

அதில் மொத்த நேரம் 9.2 விநாடி. பஃபர்ஸ் வரியில் ஹிட் 5,600, ரீட் 410. ஐஓ டைமிங் வரியில் 9.0 விநாடி. போஸ்ட்கிரெஸ் டேட்டாவைப் 'பக்கம்' என்ற 8 கேபி துண்டுகளாகப் படிக்கும். இந்தக் குவெரி ஏறக்குறைய 6,000 பக்கங்களைத் தொட்டிருக்கிறது. 5,600 பக்கம் மெமரியிலேயே கிடைத்துவிட்டது. கிடைக்காத 410 பக்கத்துக்காக 9 விநாடி நின்றிருக்கிறது, அதாவது பக்கத்துக்குச் சராசரி 22 மில்லி விநாடி. சிபியு வேலை பார்த்தது மீதி 0.2 விநாடி மட்டும். 64 கோர் என்ன, 640 கோர் போட்டாலும் அந்த 9.0 அப்படியே நிற்கும்.

22 மில்லி விநாடி எங்கிருந்து வருகிறது? 10,000 ஆர்பிஎம் டிஸ்க் அரைச் சுற்று சுற்ற 3 மில்லி விநாடி, ஹெட் நகர ஏறக்குறைய 4. ஒரு ரேண்டம் ரீடுக்கு 7 என்று வைத்தால் ஒரு டிஸ்க் விநாடிக்கு 140 ரீட் கொடுக்கும், எட்டும் சேர்ந்து 1,100 சொச்சம். உங்கள் மாலை நேரக் குவெரியும் 1,100. ஒவ்வொரு குவெரிக்கும் சராசரியாக ஒரே ஒரு பக்கம் மெமரியில் இல்லாமல் போனால்கூட டிஸ்கின் கொள்ளளவு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வருவதெல்லாம் க்யூ. 7 என்பது 22 ஆனது க்யூவால்தான். காலையில் அதே கேட்டலாக் பக்கம் மூன்று விநாடிக்குள் வருவதாக எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுவே.

இப்போது அதே 410 ரீடை எஸ்எஸ்டியில் போட்டுப் பாருங்கள். என்விஎம்இ டிஸ்கில் (சாட்டாவைவிட வேகமான இணைப்புள்ள எஸ்எஸ்டி) ஒரு 8 கேபி ரீட் ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி. 410 ரீட் 41 மில்லி விநாடியில் முடியும். சாட்டா எஸ்எஸ்டியில் அதைப் போல இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 82. நியாயமாகச் சொன்னால் வெண்டர் சொல்லும் டிஸ்கை மாட்டினாலும் இந்தப் பக்கத்தின் 9 விநாடி அரை விநாடிக்குள் வந்துவிடும். அதனால்தான் இந்த மாதிரிக் கொட்டேஷன்கள் பாஸாகிவிடுகின்றன. வாங்கியவர் வேகம் கூடியதைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்; அந்த வேகத்தைக் கொடுத்தது டிஸ்க், விலையை ஏற்றியது சிபியு என்பது கண்ணில் படுவதில்லை.

எந்த சர்வர் வாங்கினாலும் தீராத விஷயம் ஒன்றும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுங்கள். மொத்த நேரத்தில் இரண்டாம் இடத்தில் உள்ள குவெரி, பார்ட் நம்பரின் நடுப்பகுதியை இருபுறமும் சதவீதக் குறி போட்டு லைக்கில் தேடுகிறது. தொடக்க எழுத்திலிருந்து வரிசையாக அடுக்கும் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் இதற்கு உதவாது. 60 ஜிபி பார்ட் மாஸ்டர் டேபிளை முழுக்கப் படிக்கிறது. விநாடிக்கு 5 ஜிபி படிக்கும் டிஸ்கிலும் அது 12 விநாடி வேலை. பிஜி ட்ரைகிராம் எக்ஸ்டென்ஷன் (சொல்லை மும்மூன்று எழுத்தாக வெட்டித் தேடுவது) போட்டு பார்ட் நம்பர் நெடுவரிசையில் ஜின் வகை இண்டெக்ஸ் கட்டுங்கள். மூன்று எழுத்துக்குக் குறைவாகத் தேடினால் ட்ரைகிராம் உதவாது, ஆகவே தேடல் பெட்டியிலேயே குறைந்தது மூன்று எழுத்து என்று கட்டாயமாக்கிவிடுங்கள்.

அடுத்து இண்டெக்ஸ். உங்கள் 63 இண்டெக்ஸில் 19-க்கு ஸ்கேன் எண்ணிக்கை பூஜ்யம். அவை மட்டுமே 130 ஜிபி. யாரும் படிக்காத இண்டெக்ஸையும் இரவு லோடின்போது எழுதத்தான் வேண்டும், அப்போது அதன் பக்கங்கள் மெமரியில் இடம் பிடிக்கும். டிராப் செய்வதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். யுனிக், பிரைமரி கீ கட்டுப்பாட்டுக்காக இருப்பவை ஸ்கேன் பூஜ்யமானாலும் இருக்க வேண்டும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கடைசியாக எப்போது ரீசெட் ஆனது என்றும் பாருங்கள். போன வாரம் ரீசெட் செய்திருந்தால் மாதக் கடைசியில் ஓடும் ரிப்போர்ட்டின் இண்டெக்ஸ்கூடப் பூஜ்யமாகவே தெரியும்.

இனி மெமரி. ரீட் அதிகமுள்ள டேட்டாபேஸுக்கு ராம் எவ்வளவு வேண்டும் என்பதை மொத்த அளவு தீர்மானிப்பதில்லை. நெரிசல் நேரத்தில் திரும்பத் திரும்பத் தொடப்படும் பகுதி எவ்வளவு, அதுதான் கணக்கு. எடுப்பது எளிது. மாலை 5 மணிக்கும் 8 மணிக்கும் பிஜி ஸ்டாட்ஐஓ வியூக்களை டேபிளுக்கும் இண்டெக்ஸுக்கும் தனித்தனியாக ஸ்னாப்‌ஷாட் எடுத்துக் கழித்துப் பாருங்கள். எதில் எத்தனை பிளாக் ஹிட், எத்தனை ரீட் என்று வரும். மொத்தத் தொடுதலில் 95 சதவீதத்தைத் தரும் டேபிள்களையும் இண்டெக்ஸ்களையும் எடுத்து, அவற்றின் அளவைக் கூட்டுங்கள். தேதிவாரியாகப் பிரித்த டேபிள் என்றால் சூடான பார்ட்டிஷன்களை மட்டும் சேருங்கள். உங்கள் பட்டியலில் இப்படிக் கூட்டினால் இண்டெக்ஸ் 240 ஜிபி, டேபிள் 180 ஜிபி, ஆக 420 ஜிபி வருகிறது. ஒரு வாரம் தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். திங்கள்கிழமைக் கணக்கும் சனிக்கிழமைக் கணக்கும் ஒன்றாக இருக்காது.

இதில் ஒரு பொறி உண்டு. போஸ்ட்கிரெஸ் 'ரீட்' என்று காட்டுவது தன்னுடைய ஷேர்டு பஃபர்ஸில் (போஸ்ட்கிரெஸின் சொந்த மெமரி) இல்லாததை மட்டுமே. அந்தப் பக்கம் லினக்ஸ் ராமில் வைத்திருக்கும் பேஜ் கேஷிலிருந்து வந்ததா, டிஸ்கிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஹிட் விகிதம் 90 என்று பார்த்துப் பயப்படவும் வேண்டாம், 99 என்று பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். ட்ராக் ஐஓ டைமிங் செட்டிங்கை ஆன் செய்து ரீடுக்குச் சராசரி எத்தனை என்று பாருங்கள். சில மைக்ரோ விநாடி என்றால் பேஜ் கேஷ். மில்லி விநாடிக் கணக்கு என்றால் டிஸ்க். கூடவே லினக்ஸின் ஐஓஸ்டாட் கருவியில் ரீட் அவெயிட் (ரீடுக்கான காத்திருப்பு) நெடுவரிசையைப் பாருங்கள். யூடில் (டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது) சதவீதத்தை எஸ்எஸ்டி விஷயத்தில் நம்பாதீர்கள். ஒரே நேரத்தில் பல ரீடுகளைக் கவனிக்கும் டிஸ்க் 100 சதவீதம் காட்டிக்கொண்டே இன்னும் பத்து மடங்கு வேலை பார்க்கும்.

420 ஜிபிக்கு மேல் கனெக்ஷன்கள், சார்ட், வளர்ச்சி எல்லாம் சேர்த்தால் 768 ஜிபி சரியான அளவு. கொட்டேஷனில் உள்ள 256 ஜிபி போதாது. அதைவிட எனக்கு உறுத்துவது அந்த எட்டுக் குச்சியைப் பிரித்திருக்கும் விதம். சிபியு ஒன்றுக்கு நான்கு வருகிறது. இரண்டு சாக்கெட் சர்வருக்கு வரும் இப்போதைய இன்டெல் ஸியான் சிபியுவில் சாக்கெட்டுக்குக் குறைந்தது எட்டு மெமரி சேனல் (ராமுக்கான பாதை), ஏஎம்டி எபிக்கின் 9004 வரிசையில் பன்னிரண்டு. நான்கு குச்சி போட்டால் பாதிச் சேனலோ அதற்கும் மேலோ காலி. டிடிஆர்5-4800 குச்சி சேனலுக்கு 38.4 ஜிபி வீதம் கொடுக்கும். பன்னிரண்டும் நிரம்பினால் விநாடிக்கு 460 ஜிபி, நான்கு மட்டும் என்றால் 153. டேட்டா முழுக்க மெமரியில் உட்கார்ந்த பிறகு உங்கள் வேகத்தில் இதற்கும் பங்கு உண்டு. 12 சேனல் போர்டில் 64 ஜிபி குச்சி பன்னிரண்டு போடுங்கள், 768 சரியாக வந்துவிடும்.

சிபியு ஒரு சாக்கெட் போதும். கணக்கைப் பாருங்கள்: 20 கோரில் 35 சதவீதம் என்றால் 7 கோர் அளவு வேலை. டிஸ்க் தடை நீங்கினாலும் வாடிக்கையாளர் எண்ணிக்கை அதேதான் என்றால் இந்த 7 கோர் வேலை மாறாது. குவெரி நிற்கும் நேரம்தான் போகும். 32 வேகமான கோர் நாலு மடங்குக்கு மேல் இடம் தருகிறது. இங்கே கோர் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம், ஏனென்றால் உங்கள் குவெரிகள் சின்னவை. ஒவ்வொன்றும் ஒரே கோரில்தான் ஓடும். எபிக் 9374எஃப் 32 கோர், அடிப்படை வேகமே 3.85 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 256 எம்பி. அடுத்த தலைமுறையின் 9375எஃப் கிடைத்தால் இன்னும் நல்லது. 24 கோர் 9274எஃப்-உம் உங்களுக்குத் தாங்கும். இரண்டு சாக்கெட் வந்தால் நூமா தொல்லையும் கூட வரும்: குவெரி ஒரு சிபியுவில், அதற்கு வேண்டிய பக்கம் அடுத்த சிபியுவின் மெமரியில் என்று பாதி நேரம் அலையும். 768 ஜிபியை ஒரே சாக்கெட்டில் வைக்க முடிகிறபோது அந்த வம்பு எதற்கு? பயாஸில் பவர் புரொஃபைலைப் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, என்பிஎஸ் (ஒரு சாக்கெட்டின் மெமரியை எத்தனை பகுதியாகப் பிரிப்பது) மதிப்பை 1-இல் வைத்துவிடுங்கள்.

(இதே கேள்வி மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வருக்கு வந்திருந்தால் கோர் கணக்கில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். என்டர்பிரைஸ் லைசென்ஸ் கோருக்கு இவ்வளவு என்று. சர்வர் விலையை லைசென்ஸ் தாண்டிவிடும். 2022 ஸ்டாண்டர்டு எடிஷனில் பஃபர் பூல் (டேட்டாவை வைக்கும் மெமரி) 128 ஜிபியோடு நின்றுவிடும், ராம் எவ்வளவு போட்டாலும். புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016-இல் வெளியிட்ட விவரத்தில் அவர்களுடைய முதன்மை எஸ்க்யூஎல் சர்வர்கள் 24 கோர், 384 ஜிபி ராம் கொண்டவை. அத்தனை பெரிய தளத்துக்கே கோர் அவ்வளவுதான்.)

டிஸ்குக்கு வருவோம். 3.84 டிபி என்விஎம்இ, யூ.2 அல்லது ஈ3.எஸ் வடிவம், டிஎல்சி நாண்ட் (செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் சிப்), மெஷினுக்கு நான்கு. லினக்ஸின் சொந்த எம்டி ரெய்டில் ரெய்டு 10 (ஜோடி ஜோடியாகப் பிரதி) போட்டால் 7.68 டிபி கிடைக்கும். ஐந்து வருடத்தில் உங்கள் டேட்டா 2.9 டிபிக்குப் போகும்; இண்டெக்ஸ் ரீபில்டு, டபிள்யூஏஎல் (மாற்றங்களை முதலில் எழுதும் பதிவு), டெம்ப் ஃபைல் எல்லாம் சேர்த்தும் பாதியைச் சுற்றியே நிற்கும். எஸ்எஸ்டி பாதி காலியாக இருப்பது வீண் அல்ல. நிரம்ப நிரம்ப அதன் எழுதும் வேகம் தடுமாறும்.

எண்டூரன்ஸ் 1 டிடபிள்யூபிடி (நாளுக்கு ஒரு முறை டிஸ்க் முழுவதையும் எழுதும் அளவு) போதும். வெண்டர் 3 தள்ளப் பார்ப்பார். உங்கள் இரவு லோடு 40 ஜிபி. இண்டெக்ஸ், டபிள்யூஏஎல், ஃபுல் பேஜ் ரைட் எல்லாம் சேர்ந்து ஐந்து மடங்கு என்று தாராளமாக வைத்தாலும் 200 ஜிபி. ரெய்டு 10-இல் அது இரண்டு ஜோடிக்குப் பிரிந்து டிஸ்குக்கு நாளுக்கு 100 ஜிபி. 1 டிடபிள்யூபிடி டிஸ்க் நாளுக்கு 3,840 ஜிபி தாங்கும். க்யூஎல்சி (செல்லுக்கு நான்கு பிட்) வேண்டாம், பத்து இருபது டிபி ஆர்க்கைவ் இருப்பவர்களுக்குத்தான் அதில் லாபம். எந்த டிஸ்க் ஆனாலும் பவர் லாஸ் புரொடெக்‌ஷன், அதாவது கரண்ட் போனால் கேஷில் உள்ளதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர், இருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். கடையில் கிடைக்கும் டெஸ்க்டாப் எம்.2 டிஸ்குகளில் அது கிடையாது. விலையைப் பார்த்து அதை மாட்டினால் ஒவ்வொரு கமிட்டும் இழுக்கும், இல்லையென்றால் எழுதாமலே எழுதியதாகச் சொல்லிவிடும். இரண்டாவது ரகம்தான் ஆபத்து.

ரெய்டு 5 ஏன் வேண்டாம் என்றால், ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய டேட்டா, பழைய பேரிட்டி (மீட்புக்கான கணக்கு) இரண்டையும் படித்து இரண்டையும் திரும்ப எழுத வேண்டும்; நான்கு ஐஓ. இரவு லோடு அதனால்தான் நீள்கிறது. ஒரு டிஸ்க் போனால் மீதிப் பதினொன்றையும் முழுக்கப் படித்துத்தான் ரீபில்டு ஆகும், அதுவும் கடை நேரத்தில். ரெய்டு கார்டும் தேவையில்லை. சுழலும் டிஸ்க் காலத்தில் அதன் பேட்டரி கேஷுக்கு மதிப்பு இருந்தது. கெப்பாசிட்டர் டிஸ்கிலேயே வந்த பிறகு அது இன்னொரு பழுதாகும் பொருள் மட்டுமே. பேட்டரி செத்ததும் கார்டு சத்தமில்லாமல் ரைட்-த்ரூவுக்கு (கேஷோடு நிற்காமல் டிஸ்கில் எழுதும் வரை காத்திருப்பது) மாறி, திடீரென்று எல்லாம் மெதுவாகும். காரணம் பிடிபடவே நேரமாகும்.

ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு: இரண்டு. ஒரே மாதிரி இரண்டு, ஒவ்வொன்றும் தனியாக முழு லோடையும் தாங்கும் அளவில். ஒன்று பிரைமரி (எழுத்து எல்லாம் இதில்), மற்றது ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா. ரீடை இரண்டுக்கும் பிரித்துவிடலாம். ஒன்று போனால் மற்றது 1,100 குவெரியையும் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே சாதாரண நாளில் எதுவும் பாதிக்கு மேல் போகக் கூடாது. பட்ஜெட் இடிக்கிறது என்றால் முதலில் 24 கோருக்கு இறங்குங்கள், பிறகு 32 ஜிபி குச்சி பன்னிரண்டு போட்டு 384 ஜிபிக்கு. மெமரியில் பிடிக்காத கொஞ்சம் என்விஎம்இயிலிருந்து வரும், 0.1 மில்லி விநாடி என்பதால் யாருக்கும் தெரியாது. மெஷின் எண்ணிக்கையில் மட்டும் கை வைக்காதீர்கள். 384-இல் தொடங்குவதாக இருந்தால் போர்டில் 12 ஸ்லாட்டா 24 ஸ்லாட்டா என்று கேளுங்கள். 12 என்றால் பின்னால் ராம் ஏற்றும்போது பழைய குச்சிகளைக் கழற்றி வைக்க வேண்டும். 24 என்றால் சேர்க்கலாம், சேனலுக்கு இரண்டு குச்சி ஆனதும் மெமரி வேகம் குறையும் என்பதை ஏற்றுக்கொண்டு. ராம் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது. கொட்டேஷனில் ராமுக்குத் தனி வரி, வேலிடிட்டி தேதியோடு கேட்டு வாங்குங்கள்.

ரெப்ளிகாவில் இரண்டு விஷயம் கடிக்கும். நீளமான ரிப்போர்ட் ஓடும்போது 'ரெகவரியோடு மோதியதால் குவெரி ரத்து' என்று வந்தால், ஸ்டாண்ட்பை டிலே (குவெரிக்காக ரெப்ளிகா காத்திருக்கும் நேரம்) 30 விநாடி என்ற டிஃபால்ட்டில் இருக்கிறது என்று பொருள். அதைக் கூட்டலாம், ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கையும் (ரெப்ளிகாவில் ஓடும் குவெரியைப் பிரைமரிக்குத் தெரிவிப்பது) ஆன் செய்யலாம், ஆனால் அப்போது பிரைமரியில் வேக்யூம் (பழைய வரிசைகளைச் சுத்தம் செய்வது) பின்தங்கி டேபிள் வீங்கும். மற்றொன்று, விலையை மாற்றிய உடனே அதே ஆள் திரும்பப் பார்த்தால் ரெப்ளிகாவில் பழைய விலை தெரியலாம். மாற்றியவரின் அடுத்த சில ரீடுகளைப் பிரைமரிக்கே அனுப்புங்கள்.

மற்றவை சுருக்கமாக: ஓஎஸ்-க்கு 480 ஜிபி எம்.2 இரண்டு மிரராக, 25 கிகாபிட் நெட்வொர்க் கார்டு, பவர் சப்ளை இரண்டு. இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகிவிட்டு இரட்டைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். சர்வர் முகப்பில் உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரண்ட் போய் யூபிஎஸ் தாங்கும்போது ஏசி தாங்குகிறதா என்று பாருங்கள். நான்கு மணி நேர ஆன்சைட் சப்போர்ட் என்று எழுதியிருந்தால் ஸ்பேர் வைத்திருக்கும் டிப்போ கோவையிலா சென்னையிலா என்று எழுத்தில் கேளுங்கள்.

மாற்றம் செய்யும் முறையில்தான் பெரிய குழி இருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7 ஆதரவு 2024 ஜூனிலும் போஸ்ட்கிரெஸ் 11 ஆதரவு 2023 நவம்பரிலும் முடிந்துவிட்டது, ஆகவே இரண்டும் மாறத்தான் போகின்றன. டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி செய்து புது ஓஎஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் எழுத்து வரிசைப்படுத்தும் விதி மாறியது. பழைய வரிசையில் கட்டிய டெக்ஸ்ட் இண்டெக்ஸைப் புது விதியில் தேடினால், டேபிளில் இருக்கும் பார்ட் நம்பர் 'இல்லை' என்று வரும். ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாத யுனிக் நெடுவரிசையில் டூப்ளிகேட்டும் நுழையும். எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. டம்ப் எடுத்து ரீஸ்டோர் செய்யுங்கள், அல்லது லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (மாற்றங்களை வரிசை வரிசையாக அனுப்புவது) வைத்து நகர்த்துங்கள். இரண்டிலும் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும். லாஜிக்கல் முறையில் சீக்வென்ஸ் (தானாக ஏறும் எண்) மதிப்புகளும் டேபிள் அமைப்பு மாற்றங்களும் தானாக வராது, கட்ஓவருக்கு முன் கையால் சரி செய்ய வேண்டும். பிரைமரி கீ இல்லாத டேபிளை முன்கூட்டியே தேடி வையுங்கள், அதில் செய்யும் திருத்தமும் அழிப்பும் இந்த முறையில் அப்படியே போகாது. கூடவே ஒரு லாபம்: போஸ்ட்கிரெஸ் 13 முதல் பி-ட்ரீயில் டூப்ளிகேட் சுருக்கம் உண்டு. மாடல் ஐடி மாதிரி ஒரே மதிப்பு ஆயிரக்கணக்கில் வரும் இண்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டும்போது நன்றாகவே இளைக்கும்.

புது மெஷினில் தொடங்க வேண்டிய செட்டிங்: ஷேர்டு பஃபர்ஸ் 192 ஜிபி, எஃபெக்டிவ் கேஷ் சைஸ் 550 ஜிபி, ரேண்டம் பேஜ் காஸ்ட் 1.1. கடைசியதை 4 என்ற டிஃபால்ட்டில் விட்டால் குவெரிக்கு வழி வகுக்கும் பிளானர் இன்னும் சுழலும் டிஸ்க் என்றே நினைத்து இண்டெக்ஸைத் தவிர்க்கும். டேட்டா செக்சம் (பக்கம் கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஆன். ஹியூஜ் பேஜஸை (ராமைப் பெரிய துண்டுகளாக ஒதுக்குவது) 'ட்ரை' என்று விடாமல் 'ஆன்' என்று வையுங்கள். கிடைக்காவிட்டால் சர்வர் எழும்பாது, உடனே தெரிந்துவிடும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால்: போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் தனிப் புராசஸ், ஒவ்வொன்றுக்கும் தனிப் பேஜ் டேபிள் (மெமரித் துண்டுகளின் முகவரிப் பட்டியல்). 192 ஜிபியை 4 கேபியாகப் பிரித்தால் 5 கோடிக்கு மேல் பக்கம், பக்கத்துக்கு 8 பைட், ஒரு கனெக்ஷனுக்கு 384 எம்பி வரை போகலாம். 300 கனெக்ஷன் நாள் முழுக்க ஓடி எல்லாப் பக்கத்தையும் தொட்டால் 112 ஜிபி ராம் இதற்கே காலி. 2 எம்பி ஹியூஜ் பேஜில் இது பொருட்டே இல்லாத அளவு. எத்தனை பேஜ் ஒதுக்க வேண்டும் என்பதைப் போஸ்ட்கிரெஸ் 15 முதல் அதனிடமே கேட்டு வாங்கலாம். கனெக்ஷன்களையும், அவற்றைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் மென்பொருளை வைத்து, 64 முதல் 100-க்குள் அடக்குங்கள்.

லினக்ஸ் பக்கம் டர்ட்டி பேக்ரவுண்டு விகிதத்தை (டிஸ்கில் எழுத வேண்டியது மெமரியில் எவ்வளவு சேரலாம் என்பது) 10 சதவீதம் என்ற டிஃபால்ட்டில் விடாதீர்கள். 768 ஜிபி மெஷினில் அப்படி விட்டால் எழுத வேண்டியது பல பத்து ஜிபி வரை சேர்ந்துவிடலாம். செக்பாயின்ட் (மெமரியில் மாறியதை டிஸ்கில் எழுதி முடிக்கும் நேரம்) வரும்போது எல்லாம் ஒன்றாகக் கொட்டி ரீடுகள் திணறலாம். பைட் கணக்கில் 512 எம்பி அளவில் வையுங்கள்.

இரவு லோடு முடிந்ததும் வேக்யூம் அனலைஸ் ஓட்டுவது கட்டாயம். செலெக்ட்டும் டிஸ்கில் எழுதும் என்பது பலருக்குத் தெரியாது: புதிதாக ஏற்றிய வரிசையை முதலில் படிக்கும் குவெரிதான் ஹின்ட் பிட் என்ற 'உறுதியானது' குறியைப் போட்டுப் பக்கத்தை அழுக்காக்கும். செக்சம் ஆனில் இருந்தால் அது டபிள்யூஏஎல்லிலும் போகும். காலை முதல் வாடிக்கையாளர் இந்தச் சுமையைத் தாங்குவார். வேக்யூம் அதை இரவிலேயே முடித்துவிடும். விசிபிலிட்டி மேப்பும் (எந்தப் பக்கத்தின் வரிசைகள் எல்லோருக்கும் தெரியும் என்ற குறிப்பு) புதுப்பிக்கப்படுவதால் இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன் நிஜமாகவே இண்டெக்ஸோடு நிற்கும். எக்ஸ்பிளெயினில் ஹீப் ஃபெட்ச்சஸ் (இண்டெக்ஸைத் தாண்டி டேபிளுக்குப் போனது) எண்ணிக்கை பெரிதாக இருந்தால் வேக்யூம் வரவில்லை என்று அர்த்தம்.

பெட்டி வந்து இறங்கியதும் பணம் செட்டில் செய்வதற்கு முன் சோதியுங்கள். ராம் விவரம் காட்டும் டிஎம்ஐடிகோடில் 12 குச்சியும் சொன்ன வேகத்தில் ஓடுகின்றனவா. பிசிஐ இணைப்புகளைக் காட்டும் எல்எஸ்பிசிஐயில் ஒவ்வொரு என்விஎம்இயும் நான்கு லேனில் இணைந்திருக்கிறதா. பேக்பிளேன் கேபிள் சரியாக உட்காராமல் இரண்டு லேனில் ஓடினால் வேறு எந்த அறிகுறியும் தெரியாது. டிஸ்க் சோதனைக் கருவியான எஃப்ஐஓவில் 8 கேபி ரேண்டம் ரீட், டைரக்ட் மோடில், க்யூ டெப்த் (ஒரே நேரத்தில் கேட்கும் ரீட் எண்ணிக்கை) 1-இல் ஒரு முறை, 32-இல் ஒரு முறை. 1-இல் வரும் லேட்டன்சிதான் உங்கள் குவெரி காணப்போகும் எண். டேட்டாஷீட்டில் உள்ள பத்து லட்சம் ஐஓபிஎஸ் (விநாடிக்கு ரீட்) பெரிய க்யூவில் எடுத்தது. சோதனைக்கு முன் டிஸ்க் முழுவதையும் ஒரு தடவை எழுதி நிரப்புங்கள். காலியான எஸ்எஸ்டி நாண்டைத் தொடாமலே பூஜ்யங்களைத் திருப்பிக் கொடுக்கும், எண்கள் அபாரமாக வரும், எல்லாம் பொய். பிறகு உங்கள் டேட்டாவை ரீஸ்டோர் செய்து மாலை நேரக் குவெரிகளை ஓட்டுங்கள். ஓடும்போதே ஒரு டிஸ்கை உருவுங்கள், ஒரு பவர் கார்டைப் பிடுங்குங்கள். ரீஸ்டார்ட் செய்து கேஷ் காலியாக இருக்கும்போது எவ்வளவு நேரம் தடுமாறுகிறது என்றும் பாருங்கள். பிஜி ப்ரீவார்மின் ஆட்டோ வசதியைப் போட்டால் ஷேர்டு பஃபர்ஸில் முன்பு இருந்த பக்கங்களைத் தானே திரும்ப ஏற்றும்.

பழைய சர்வரை மூன்றாவது ரெப்ளிகாவாக்கும் யோசனை கடிதத்தின் கடைசி வரியில் இருந்தது. அந்த டிஸ்குகளுக்கு மாலை நேரக் குவெரியை அனுப்பினால் அதே 9 விநாடி திரும்ப வரும். பேக்கப் வைக்க அதன் 8.4 டிபி உதவும்: புது ஓஎஸ் போட்டு, பேக்கப் மென்பொருளான பிஜிபேக்ரெஸ்ட்டை அங்கே நிறுத்தி, மாதம் ஒரு முறை முழுசாக ரீஸ்டோர் செய்து பாருங்கள். வயதான டிஸ்குகள் என்பதால் பேக்கப்பின் இன்னொரு பிரதி அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும்.